ஒரு லட்சம் ரூபாய்ச் சரீரம்

வியாழன் இரவு ஒட்டுசுட்டானில் மறித்தார்கள்.
மோட்டார் சைக்கிள் டாங்கியின் மேல், உரப்பையில்
நாலு கிலோ எழுநூறு கிராம்.
பொலிசிடம் தராசு இல்லை,
பக்கத்துக் கடையைத் தட்டி எழுப்பி நிறுத்தார்களாம்.
கடைக்காரன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கோகுலரூபன். என் மனிசனுடைய தம்பி.
நாங்கள் கதைத்து மூன்று வருடம்.
வேலிக் கதியால் ஒன்று ஒன்றரை முழம்
என் வளவுக்குள் நடந்து வந்தது.
நான் பொலிசுக்குப் போனேன்,
அவன் மத்தியஸ்த சபைக்குப் போனான்,
கதியால் எங்கும் போகாமல் நின்று தளிர்க்கிறது.

இருபத்துநாலு மணித்தியாலம் முடிய முன்
முல்லைத்தீவுக் கோட்டில் நிறுத்தினார்கள்.
வாக்குமூலம் சிங்களத்தில்;
வாசித்துக் காட்டியதாக அதிலேயே எழுதியிருந்தது.
கூண்டுக்குள் ஏறியவன் நிமிரவில்லை, இறக்கிவிட்டார்கள்.
பதினான்கு நாள் விளக்கமறியல்.

இறைச்சிக்கு மட்டும் அன்றே தீர்ப்பு:
மாதிரி பகுப்பாய்வுக்கு, மீதி மண்ணுக்கு.
நாய் தோண்டாத ஆழத்தில்.

அவன் பெண்சாதி கட்டாரில்.
அன்றிரவு மகள் புத்தகப் பையோடு
அந்த ஒன்றரை முழ இடைவெளியால் வந்தாள்.
‘விளக்கம் அறியல்’ என்று
கடுதாசியைப் பிரித்து வாசித்தாள்.
ஏழாம் வகுப்பு. நான் திருத்தவில்லை.

பதினான்காம் நாள்
வவுனியாவிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்தார்கள்.
அறிக்கை வரவில்லை. இன்னொரு பதினான்கு.
அதற்குள் சட்டத்தரணி அம்மா மோசன் போட்டார்,
வழக்கைக் கூப்பிட்டார்கள், பிணை கிடைத்தது:
காசு பதினையாயிரம்,
தலா ஒரு லட்சத்தில் இரண்டு சரீரப் பிணை,
மாதக் கடைசி ஞாயிறு பொலிசில் கையொப்பம்.

ஒரு சரீரம் அவனுடைய நெல்லு மில் முதலாளி.
மற்றச் சரீரத்துக்கு மாவட்டத்தில் ஆளில்லை.

வதிவிடச் சான்றிதழுக்குக் கிராம அலுவலரிடம் போனேன்.
‘இந்த விலாசத்தில எத்தினை வருசம்?’
‘இடையில ஓடினதைக் கழிச்சோ, கூட்டியோ?’
பேனாவைத் திறந்தார், மூடினார்,
பிறகு ஏதோ ஒரு எண்ணை எழுதினார்.

கோட்டில் முதலியார் கேட்டார்:
‘எதிரிக்கு நீர் என்ன முறை?’
குற்றம் சாட்டப்பட்டவனுக்கு அங்கே அதுதான் பெயர்.
முதல் தடவையாக ஒரு சட்டச் சொல்
எனக்கு நேராக விளங்கியது.
‘அண்ணன் பெண்சாதி’ என்றேன்.
‘எதிரி தவணைக்கு வராவிட்டால்
ஒரு லட்சம் கட்டச் சம்மதமோ?’
என்னிடம் இருப்பது ஒரு பசு, பதினொரு கோழி,
முழங்காலுக்குள் எடுக்காமல் விட்ட ஒரு துண்டு இரும்பு.
‘ஓம்’ என்றேன்.
நாற்பத்தாறு வயதில் இந்தச் சரீரத்துக்கு
இப்போதுதான் ஒருவர் விலை எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்.

பள்ளிக்கூடப் பாட்டில்
கலை என்றால் ஆண்மான், பிணை என்றால் பெண்மான்.
உரப்பையில் இருந்தது எது?
அதை யாரும் கேட்கவில்லை.

பின்னேரம் விட்டார்கள்.
இடுப்புப் பட்டியில்லாமல், காற்சட்டையைப் பிடித்தபடி
வேலியடியில் வந்து நின்றான்.
நன்றி சொல்லுவான் என்று பார்த்தேன்.
‘பிள்ளை சாப்பிட்டதோ’ என்றான்,
என்னிடமா, வேலியிடமா, தெரியாது.
மகள் பையைத் தூக்கிக்கொண்டு
வந்த வழியாலேயே போனாள்.

மோட்டார் சைக்கிள் சான்றுப் பொருளாய்க் கோட்டில் நிற்கிறது.
கடைசி ஞாயிறுகளில் அவன் சைக்கிள் செயின்
ஆறரைக்குள் சத்தம் போடாவிட்டால்
வேலிக்கு மேலால் கூப்பிடுவேன்:
‘கையெழுத்து!’
‘ஓம்.’
எங்கள் கதை இப்போதைக்கு இவ்வளவுதான்.

அடுத்த தவணை யூலை பத்து.
பிணைகாரியும் வரத்தான் வேணும் என்று
அவனிடம் ஒரு பொய் சொல்லி வைத்திருக்கிறேன்.
ஒரே பஸ், ஒன்றரை மணித்தியாலம்.
யன்னல் பக்கம் அவனை இருத்திவிட்டு
கதியாலைப் பற்றிக் கேட்கலாம்.
எங்கே ஓடுவான்?